நிலம் போன நகரத்தில் ஒரு தட்டுக் கீரை

பெங்களூரு பால்கனிகளில் பட்டாணிக் கொழுந்து: வளர்ப்பது எப்படி, நம்புவது எவ்வளவு?

பெங்களூருவின் பெரிய கடைகளில் கீரை வைத்திருக்கும் குளிர்பெட்டியைப் பார்த்தால், பாலக் கட்டுக்கும் கொத்தமல்லிக் கட்டுக்கும் பக்கத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கியிருக்கும். உள்ளே விரல் நீளத்தில் பட்டாணிக் கொழுந்து, ஊதாத் தண்டோடு முள்ளங்கித் தளிர், நூல் நூலாகக் கடுகுத் தளிர். ஐம்பது கிராம் கொண்ட அந்த ஒரு டப்பாவின் விலைக்கு கே.ஆர். மார்க்கெட்டில் கை கொள்ளாத அளவு கீரை வாங்கலாம். ஆனாலும் வாங்குகிறார்கள். வாங்கிப் பழகியவர்களில் பலர், நாமே வளர்த்தால் என்ன என்று பால்கனியில் ட்ரே வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

மைக்ரோகிரீன்ஸ் என்பது விதை முளைத்து, முதல் இலைகள் விரிந்து, செடியாகத் தலையெடுக்கும் முன்பே வேருக்கு மேலே நறுக்கிச் சாப்பிடும் இளங்கீரை. சான் பிரான்சிஸ்கோ சமையல் நிபுணர்கள் 1980களில் தட்டை அழகுபடுத்த இதைக் கையாண்டார்கள். இந்தப் பெயரும் மோகமும் அங்கிருந்து உலகம் சுற்றி வந்தவை. பட்டாணிக் கொழுந்தின் கதை அதைவிடப் பழையது. சீன வீடுகளில் அதைப் பூண்டு போட்டு வதக்கிச் சாப்பிடுவது நெடுங்கால வழக்கம்.

இதை ஒரு கீரை என்று மட்டும் எடுத்துக்கொண்டால், நகரத்துக் குடும்பத்துக்கு இதைவிட எளிய, மகிழ்ச்சியான விவசாயம் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். சர்வரோக நிவாரணி என்றும், வீட்டிலிருந்தே லட்சம் சம்பாதிக்கும் வழி என்றும் விற்கப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஏரிக்கரைக் கீரைப் பாத்திகள்

இந்த ஊருக்குக் கீரை புதிதல்ல. பெங்களூருவின் பழைய பேட்டைப் பகுதியைச் சுற்றி ஏரிகளும், அவற்றின் நீரை நம்பிய காய்கறி, கீரை, பூந்தோட்டங்களும் இருந்தன. அந்தத் தோட்டங்களை வைத்திருந்தவர்களில் முக்கியமானவர்கள் திகளர் சமூகத்தார். தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று அறியப்படும் இவர்கள் தங்களை வன்னிகுல சத்திரியர் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆண்டுதோறும் சைத்ர மாதப் பௌர்ணமியில் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் பெங்களூருக் கரகம் இவர்களுடைய திருவிழா. திரௌபதி அம்மனை முன்னிட்டு நடக்கும் அந்தக் கரகத்தில் நீர்நிலைகளுக்கு முக்கிய இடம் உண்டு. தோட்டக்காரர்களின் தெய்வம் குளத்தை மறப்பதில்லை.

நகரம் மறந்துவிட்டது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில்தான் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாகிவிட்டது. ஒரு மூலையில் சிறு குளம் மட்டும் மிச்சம், கரகச் சடங்குக்காக. அந்த ஏரி மறைந்த கதையை சூழலியல் அறிஞர் ஹரிணி நாகேந்திரா 2016இல் வெளிவந்த, பெங்களூருவின் இயற்கையைப் பற்றிய தம் நூலில் எழுதியிருக்கிறார். ஏரி போனதும் பாத்தி போயிற்று, பாத்தி போனதும் பக்கத்துத் தெருவிலிருந்து தலைச்சுமையில் வந்த கீரை போயிற்று. இன்று நகரத்துக்குக் கீரை கோலாரிலிருந்தும் சிக்கபள்ளாப்பூரிலிருந்தும் ராமநகரப் பக்கத்திலிருந்தும் லாரியில் வருகிறது. விருஷபாவதி ஆறு நகரத்தின் கழிவைச் சுமந்துகொண்டு பைரமங்கலா ஏரிக்குப் போய்ச் சேர்கிறது. அந்த நீர் பாயும் நிலத்தில் விளைந்த காய்கறி நம் தட்டுக்கு வருகிறதோ என்ற அச்சம் பல ஆண்டுகளாக இந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கிறது. வீட்டில் கீரை வளர்க்கும் ஆசைக்கு அந்த அச்சமும் ஒரு காரணம்.

அந்த ஆசைக்கு ஓர் இயக்கமாக உருக்கொடுத்தவர்களை இங்கே சொல்லியாக வேண்டும். டாக்டர் பி.என். விஸ்வநாத் மொட்டைமாடியில் இயற்கைத் தோட்டம் போடுவதை இந்த நகரத்துக்குப் பல்லாண்டுகளாகக் கற்பித்தவர். அவரும் நண்பர்களும் சேர்ந்த ‘கார்டன் சிட்டி ஃபார்மர்ஸ்’ அமைப்பு ‘ஊட்ட ஃப்ரம் யுவர் தோட்ட’ என்ற சந்தையை 2011 முதல் நகரத்தின் பல பகுதிகளில் நடத்திவந்தது. உங்கள் தோட்டத்திலிருந்தே உங்கள் சாப்பாடு என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். விதை, தொட்டி, உரம், ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்த அந்தச் சந்தைகள் நிறையக் குடும்பங்களை மண்ணில் கைவைக்கச் செய்தன. மொட்டைமாடி உரிமை இல்லாத, ஒரு பால்கனி மட்டுமே உள்ள அடுக்குமாடிக் குடும்பம் என்ன செய்யும்? அவர்களுக்கு ட்ரே வந்தது.

நமக்குப் பழகிய வேலைதான்

தென்மாவட்டத்துத் தமிழருக்கு இதில் வியப்படைய ஒன்றுமில்லை. அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும் பெண்கள் செய்வதும் அடிப்படையில் இதேதான். நவதானியத்தை ஊறவைத்து, எருப் பரப்பிய பாத்திரத்தில் நெருக்கமாகத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்து, நாள் தவறாமல் தண்ணீர் தெளித்து, ஒரு வாரம் பத்து நாளில் வளர்த்தெடுக்கிறார்கள். இருட்டில் வளர்வதால் பயிர் வெளிர்மஞ்சளாக, உயரமாக எழும்பும். சுத்தத்தில் அவர்கள் காட்டும் கண்டிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கண்டவர்கள் அந்த அறைக்குள் நுழைய முடியாது. கல்யாண வீட்டுப் பாலிகையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

அளவான ஈரம், முதல் சில நாள் இருட்டு, சுத்தம். மைக்ரோகிரீன்ஸ் வளர்ப்பின் பாடமும் இந்த மூன்றுதான். வித்தியாசம் முடிவில் வருகிறது. முளைப்பாரியை நீரில் கரைத்துவிடுகிறோம். இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பச்சை பிடிக்கவிட்டுச் சாப்பிடுகிறோம்.

பட்டாணியிலிருந்து தொடங்குங்கள்

முதன்முதலில் வளர்ப்பவர்களுக்கு நான் பட்டாணியைத்தான் சொல்வேன். விதை பெரியது, கையாள எளிது, கொழுந்து மணமும் லேசான இனிப்பும் கொண்டது, குழந்தைகளும் வாயில் போட்டுக்கொள்வார்கள்.

விலை உயர்ந்த விதைப் பொட்டலம் வேண்டாம். மளிகைக் கடையில் சுண்டலுக்கு வாங்கும் முழுப் பட்டாணி போதும். உடைத்த பருப்பு முளைக்காது. பழைய சரக்கும் சரியாக முளைக்காது. அதனால் முதலில் இருபது விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் பதினாறுக்குக் குறையாமல் வேர் விட்டால் அந்தச் சரக்கை நம்பலாம். பச்சை நிறத்துக் காய்ந்த பட்டாணியில் ஓர் எச்சரிக்கை. ஊறவைத்த தண்ணீர் பளிச்சென்று பச்சையானால் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். மாலகைட் கிரீன் என்ற சாயத்தைப் பட்டாணியில் கலப்பதைப் பற்றி உணவுப் பாதுகாப்பு ஆணையமே மக்களை எச்சரித்திருக்கிறது. அதைக் கொட்டிவிட்டு வெள்ளைப் பட்டாணிக்கு மாறுங்கள்.

உருண்டை விதையா, சுருங்கிய விதையா என்பதும் இங்கே முக்கியம். கிரெகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட ஆய்வால் புகழ்பெற்ற அதே வேறுபாடுதான். சுருங்கிய விதையில் சர்க்கரை அதிகம், மாவுச்சத்து குறைவு. பச்சையாக உரித்துச் சாப்பிட அது ருசி. ஈரமான ட்ரேயில் அந்தச் சர்க்கரை கசிந்து பூஞ்சணத்தை அழைத்துவிடும். மளிகைக் கடையின் உருண்டைப் பட்டாணி அழுகாமல் தாக்குப்பிடிக்கும்.

பத்து அங்குலத்துக்கு இருபது அங்குலம் உள்ள நாற்று ட்ரே ஒன்றுக்கு 200 முதல் 250 கிராம் விதை வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறட்டும். அடியில் துளையுள்ள ட்ரேயில் கோகோபீட் எனப்படும் தேங்காய் நார்த்தூளை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். உப்பு போகக் கழுவிய தூளாக இருக்க வேண்டும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டுமே விழும் ஈரம் போதும். விதையை ஒன்றோடொன்று தொடும் நெருக்கத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே இன்னொரு ட்ரேயைக் கவிழ்த்து அதன்மேல் ஒரு செங்கல் வையுங்கள். பாரம் வைப்பது எதற்கு என்று பலர் கேட்பார்கள். பாரம் இல்லாவிட்டால் வேர் கீழே இறங்காமல் விதையையே மேலே தூக்கிவிடும். இரண்டு மூன்று நாளில் முளைகள் செங்கல்லையே உயர்த்தத் தொடங்கும். அப்போது எடுத்துவிட்டு வெளிச்சத்தில் வையுங்கள். வெளுத்திருந்த முளை ஓரிரு நாளில் பச்சையாகிவிடும்.

அதன்பிறகு மேலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். துளையில்லாத இன்னொரு ட்ரேயில் சிறிது தண்ணீர் விட்டு அதன்மேல் இதை வைத்தால், நார்த்தூள் தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். அரை மணி கழித்து மீதியைக் கொட்டிவிடலாம். உரம் தேவையே இல்லை. பருத்த விதைக்குள் பத்துப் பதினைந்து நாளுக்குரிய உணவு இருக்கிறது. கிழக்குப் பார்த்த பால்கனியின் காலை வெயில் தாராளம்.

பத்து முதல் பதினான்கு நாளில் ஒரு சாண் உயரம் வந்துவிடும். எங்கே வெட்டுகிறோம் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பச்சைப் பயறு முளைக்கும்போது விதையிலைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். பட்டாணி அப்படியல்ல, விதையிலைகள் நார்த்தூளுக்குள்ளேயே தங்கிவிடும். தண்டின் அடிக்கணுக்களில் உறங்கும் மொட்டுகள் உண்டு. அடிக்கணுவுக்குச் சற்று மேலே நறுக்கினால் அவை விழித்துக்கொண்டு மறுபடி கொழுந்து விடும். இரண்டாவது அறுப்பும் கிடைக்கும். கடுகிலும் முள்ளங்கியிலும் இது நடக்காது, வளரும் நுனியையே நாம் வெட்டிவிடுகிறோம்.

பட்டாணி கைவந்ததும் அஞ்சறைப்பெட்டியைத் திறவுங்கள். வெந்தயம், கடுகு, கொத்தமல்லி எல்லாமே ட்ரேயில் வளரும். கொத்தமல்லி விதையை லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்துகொள்ள வேண்டும், பொறுமையும் வேண்டும். முளைக்கீரை விதையைத் தூவினால் ஊதாவும் பச்சையுமாக அழகாக வரும். இறக்குமதி பிராக்கோலி விதையைத் தேடி அலைவதில் எனக்கு உடன்பாடில்லை.

பெங்களூரு வானிலை எப்போது ஒத்துழைக்கும்?

கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கும் இந்த ஊரின் குளிர்ச்சி பட்டாணிக்கு வரப்பிரசாதம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அவரைக்காய் மணக்கும் அந்த மாதங்களில், பட்டாணிக் கொழுந்து தானாக வளரும். அதே முயற்சியைச் சென்னையில் செய்பவர் படும் பாடு வேறு. ஆனால் பெங்களூருவின் குளிர்ச்சியையும் இனிக் கண்மூடி நம்ப முடியாது. 2016 ஏப்ரலில் இங்கே வெயில் 39.2 டிகிரியைத் தொட்டது. ஏப்ரல், மே மாதங்களில் பட்டாணியை விட்டுவிட்டுக் காராமணி, முளைக்கீரை போன்ற வெயில் தாங்கிகளுக்குப் போவது நல்லது. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை காற்றின் ஈரம்தான் பகை. நாற்றழுகல் நோய் வந்தால் தண்டு அடியில் கறுத்து, கொத்துக் கொத்தாகச் சாயும். விதையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டு, சிறிய மின்விசிறியைத் தூரத்தில் ஓடவிடுங்கள். வேரைச் சுற்றி வெண்பஞ்சு போலத் தெரிந்தால் உடனே பயந்து கொட்டிவிடவும் வேண்டாம். தண்ணீர் தெளித்ததும் மறைந்தால் அவை வேர்த்தூவிகள். சிலந்திவலை போலப் படர்ந்து புழுங்கல் வாடை அடித்தால் பூஞ்சணம்; அந்த ட்ரேயைக் காப்பாற்ற முயலாதீர்கள்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த நகரம் குடிக்கும் காவிரி, சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தால் ஏற்றப்பட்டு வருகிறது. 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. தொட்டிச் செடிக்குச் சுத்திகரித்த கழிவுநீரை விடலாம். பச்சையாகச் சாப்பிடும் இந்தக் கீரைக்கு அது கூடாது, நாம் குடிக்கும் தரத்திலேயே நீர் வேண்டும். நாளொன்றுக்கு ஒன்றிரண்டு தம்ளர் போதும் என்பதால் மனசாட்சி உறுத்தாமல் விடலாம்.

நார்த்தூளுக்கும் ஒரு விலை உண்டு. அது பெரும்பாலும் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் திப்டூர்த் தென்னைப் பகுதியிலிருந்தும் வருகிறது. தூளைக் கழுவிய நீர் கிணறுகளைக் கெடுக்கிறது என்று பொள்ளாச்சி விவசாயிகள் குமுறியதன் தொடர்ச்சியாக, தமிழ்நாடு 2021இல் கயிறு ஆலைகளை மாசு வகைப்பாட்டின் வெள்ளைப் பட்டியலிலிருந்து, கட்டுப்பாடு கூடிய ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. ஆகவே ஒருமுறை பயன்படுத்திய தூளைக் குப்பையில் எறியாதீர்கள். வேரோடு மக்கவைத்தால் தொட்டிச் செடிகளுக்கு நல்ல உரம். பெங்களூரு ஹேசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், நுண்ணுயிர்களால் பக்குவப்படுத்திய ‘அர்கா ஃபெர்மென்டட் கோகோபீட்’ என்ற ஊடகத்தை உருவாக்கியிருக்கிறது. பட்டாணியிலும் அர்கா அஜித் உள்ளிட்ட ரகங்களை அது வெளியிட்டிருக்கிறது. ஊரிலேயே இப்படியொரு நிறுவனம் இருக்கும்போது சந்தேகத்தை அங்கே கேட்டுத் தெளிவதே மேல்.

எதை வளர்க்கக் கூடாது

எல்லா முளையும் உணவல்ல. தக்காளி, கத்தரி நாற்றைச் சாப்பிடக் கூடாது, அந்தக் குடும்பத்தின் இலைகளில் நச்சு உண்டு. ராஜ்மா, அவரை முளைகளைப் பச்சையாகத் தொடாதீர்கள். இளஞ்சோளத்தில் மாடு வாய்வைத்தால் என்ன ஆகும் என்று கிராமத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். அதில் உள்ள சயனைடு சேர்மம் நமக்கும் ஆகாது. பூவுக்காக வளர்க்கும் ‘ஸ்வீட் பீ’ விதையைப் பட்டாணி என்று நினைத்துவிடவும் கூடாது, அது நச்சுச் செடி.

விதைக்கடையில் வாங்கும் விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் திரம், கேப்டான் போன்ற பூஞ்சைக்கொல்லி பூசியது. வயலில் விதைக்க அது சரி. பத்தாம் நாள் சாப்பிடப்போகும் கீரைக்கு நிச்சயம் கூடாது.

கிருமிகளின் ஆபத்தும் கற்பனையல்ல. 1996இல் ஜப்பானின் சகாய் நகரில் ஆயிரக்கணக்கான பள்ளிக் குழந்தைகள் ஈ.கோலை கிருமியால் நோயுற்றபோது, சந்தேகம் முள்ளங்கி முளையின்மேல் விழுந்தது. 2011இல் ஜெர்மனியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த கொள்ளைநோய்க்குக் காரணமாக வெந்தய முளை கண்டறியப்பட்டது. ஜெர்மனியில் குற்றவாளி வேரோடு தின்னும் முளைதான். வெளிச்சத்திலும் காற்றிலும் வளர்ந்து, வேருக்கு மேலே நறுக்கப்படும் கீரையில் ஆபத்து குறைவு; இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ட்ரேயை ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் வதக்கிச் சாப்பிடட்டும்.

நாற்பது மடங்குக் கதை

சாதாரணக் கீரையைவிட நாற்பது மடங்கு சத்து என்று டப்பாக்கள் சொல்கின்றன. இந்த நாற்பதின் வேர் 2012இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் அந்நாட்டு வேளாண் துறையும் சேர்ந்து செய்த ஆய்வில் இருக்கிறது. 25 வகை மைக்ரோகிரீன்ஸை அவர்கள் அளந்தார்கள். சிவப்பு முட்டைகோஸ் தளிரில், முற்றிய கோஸைவிட வைட்டமின் சி ஆறு மடங்கும் வைட்டமின் இ நாற்பது மடங்கும் இருந்தன. நேர்மையான ஆய்வு அது. ஆனால் முற்றிய சிவப்புக் கோஸில் வைட்டமின் இ மிகச் சொற்பம். சொற்பத்தின் நாற்பது மடங்கு மலையாகிவிடாது. ஒரு செடியின் ஒரு சத்துக்குச் சொன்னதை எல்லாச் செடிக்கும் எல்லாச் சத்துக்கும் நீட்டுவது விளம்பரம்.

அளவையும் பாருங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளொன்றுக்குக் கீரையும் காய்கறியுமாகச் சுமார் 400 கிராம் சாப்பிடச் சொல்கிறது. தோசையின்மேல் தூவும் தளிர் பதினைந்து இருபது கிராம். அதை வைத்துக்கொண்டு பொரியலையும் மசியலையும் கைவிடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், இந்தத் தளிர்களில் வைட்டமின் கே நிறைய உள்ளதால், மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொழிலாகச் செய்யலாமா என்ற கேள்வி வருகிறது. செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பயிற்சி வகுப்பு விளம்பரங்கள் சொல்லும் லாபக் கணக்கில், விற்காமல் வாடும் கீரைக்கு இடமே இருப்பதில்லை. அறுத்த கொழுந்து குளிர்பெட்டியிலும் சில நாள்தான் தாங்கும். வாங்குவோர் பெரும்பாலும் உணவகங்கள். அவர்களுக்கு ஒரே அளவில், ஒரே நாளில், தவறாமல் வேண்டும். வேலையை விட்டுவிட்டு, சேமிப்பைப் போட்டு ரேக் வாங்குவதற்கு முன் வாரந்தோறும் எடுத்துக்கொள்ளும் இரண்டு வாடிக்கையாளரையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் வீட்டுக்கு மட்டும் வளர்த்தால் போதும்.

சமைக்க யோசிக்கவே வேண்டாம். பாசிப்பருப்புக் கோசம்பரியில் வெள்ளரிக்குப் பதில் ஒரு பிடி பட்டாணிக் கொழுந்தை நறுக்கிப் போடலாம். அடுப்பை அணைத்த பிறகு ரசத்தில் வெந்தயத் தளிர். பூண்டு, காய்ந்த மிளகாய் தாளித்து ஒரு நிமிடம் புரட்டினால் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளலாம். அறுத்த அன்றைக்கே சாப்பிடுவதில்தான் இதன் ருசி முழுக்க இருக்கிறது, கடை டப்பாவால் அதைத் தரவே முடியாது.

குளிர் தொடங்கும் வாரத்தில் கால் கிலோ முழுப் பட்டாணி வாங்குங்கள். இருபது விதையை ஈரத்துணியில் முடிந்து சோதியுங்கள். முளைத்தால் அன்று இரவே மீதியை ஊறவையுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் செங்கல்லை எடுக்கும் வேலையை அதனிடம் விடுங்கள்.